லில்லி அக்கா, உன் சுவருக்கு எந்தக் கொடி?

என் பிரியமுள்ள லில்லி அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று எழுதத்தான் கை போகிறது. உன்னிடம் இனி அதைக் கேட்பது சரியா தப்பா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டேன், இருக்கட்டும். நாங்கள் இங்கே சுகம். ஆனி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. உன் வீட்டுச் சுவர் மறுபடியும் பாசி பிடித்துப் பச்சையாக நிற்கிறது. அந்தச் சுவரால்தான் இப்போது மனசு ஒரு நிலையில் இல்லை. அதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் ஏது?

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். நீ என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. கல்யாணமாகி வந்த புதிதில் உன்னை நான் "நீங்க" என்றுதான் கூப்பிட்டேன். "என்னட்டி நீங்க வாங்க போங்க, நான் என்ன கலெக்டரா?" என்று நீதான் அதை மாற்றினாய். குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரே விளையை, அதாவது ஒரே தோட்டத்தை, இரண்டாகப் பாகம் வைத்து அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து வீடு கட்டினார்கள். எங்களுடையது பள்ளத்தில் ஓட்டு வீடு. உன் வீட்டுக்காரர், எனக்கு அத்தான், பஹ்ரைனில் உழைத்து மேட்டில் கட்டியது உங்கள் மாடி வீடு. நடுவில் எங்கள் பங்கில் ஒரு சந்து.

உங்கள் வீட்டுச் சன்ஷேடு அந்தச் சந்துக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அதில்தான் சண்டை தொடங்கியது. சர்வேயர் வந்தார், கோயிலிலிருந்து போதகர் வந்தார், சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து சாயா குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அத்தான் அதை உடைத்துக் கொடுத்தார். அப்போதும் என் வீட்டுக்காரருக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பக்கத்துச் சுவரைப் பூச வேண்டுமென்றால் சாரம் கட்ட வேண்டும், சாரத்தின் கால்களை எங்கள் சந்தில்தான் ஊன்ற வேண்டும். "எனக்க மண்ணுல ஒரு கம்பு ஊனப்பிடாது" என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார்.

அதனால் மூன்று பக்கமும் பூசி, பெயின்ட் அடித்து மினுக்கிய வீடு, எங்கள் பக்கம் மட்டும் செங்கலைக் காட்டிக்கொண்டு நின்றது. நம்ம ஊரில் இப்படிப்பட்ட சுவர்களுக்குப் பஞ்சமில்லை. எந்த இரண்டு வீட்டுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று பஸ்ஸில் போகிற ஆள்கூட சுவரைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

அந்தச் சுவரில்தான் உன் அடுக்களைச் சன்னல் இருந்தது. அதற்கு நேர் கீழே எங்கள் அடுக்களை வாசல். ஆண்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்காமல் இருந்த காலமெல்லாம் நாம் அந்தச் சன்னல் வழியாகப் பேசித் தீர்த்தோம். மாங்காய் பறிக்கிற கம்பின் நுனியில் தூக்குவாளியை மாட்டி நீ மெல்ல இறக்குவாய். சாளைமீன் கறி, அவித்த மரச்சீனிக் கிழங்கு, கிறிஸ்மஸுக்கு அச்சுமுறுக்கு, எல்லாம் அந்தக் கம்பில்தான் இறங்கி வந்தன. இவர் சாப்பிட உட்காரும்போது கறி எந்த அடுப்பில் வெந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் இன்னும் கொஞ்சம் ஊற்று என்று மட்டும் கேட்பார்.

மேட்டில் நிற்கிற உனக்குத்தான் எங்கள் ஓட்டுக்கு மேலே மேற்கு வானம் தெரியும். கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தால் போதும், "ஏட்டி விமலா, மழ வருது, துணிய எடு!" என்று ஒரு சத்தம் போடுவாய். கையில் மாவு இருந்தாலும் மீன் இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு நான் ஓடுவேன். நீ போன பிறகு இந்த வீட்டில் காய்ந்த துணியை மடித்து வைத்த நாள் குறைவு. எப்போது பார்த்தாலும் நனைந்தபின்தான் எனக்கு மழையே தெரிகிறது.

உன்னை ஆசுபத்திரிக்குக் கொண்டு போன ஜீப் திரும்பி வந்தபோது இவர் எங்கள் முற்றத்தில்தான் நின்றிருந்தார். உங்கள் நடையைத் தாண்டி உள்ளே வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் பின்னால், மதிலோடு ஒட்டி நின்றார். ஒரு பிடி மண் போட்டாரா இல்லையா என்றுகூட நான் பார்க்கவில்லை. நீ மருமகளாக வந்த காலத்தில் அவர் பள்ளிக்கூடம் போகிற பையன். மைனி மைனி என்று உன் பின்னாலேயே திரிவார் என்று நீதான் சொல்லிச் சிரிப்பாய். அந்த ஆள் ஏன் உள்ளே வரவில்லை? உனக்காவது தெரியுமா அக்கா?

அடக்கம் முடிந்து உன் மகன் ஜெபின் அத்தானைத் தன்னோடு பஹ்ரைனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். சாவியை எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்தான். எங்களிடம் கொடுக்கவில்லை. உன் மகன் எங்களை நம்பவில்லையே என்று எனக்கு வருத்தம்தான், ஆனால் அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒருநாள் மத்தியானம் இவர் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளி வைத்தார். அடுக்களை வாசல் வழியாக உன் சுவரைப் பார்த்துக்கொண்டே, "அந்தச் சுவர மறைக்கணும். பாத்தா சோறு எறங்க மாட்டேங்குது. ஏதாவது கொடி வச்சு ஏத்தி விடு. தண்ணி கோரணும், வெட்டணும்னு ஒரு தொல்லையும் இருக்கப்பிடாது, கேட்டியா?" என்றார். சன்னலும் சேர்த்தா என்று கேட்டேன். "எல்லாந்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இத்தனை வருஷமாக அந்தச் செங்கலைப் பார்த்துத்தானே மூன்று வேளையும் சாப்பிட்டார்? அப்போது இறங்கிய சோறு இப்போது ஏன் இறங்கவில்லை? பூச விடமாட்டேன் என்ற ஆளே இப்போது மறைக்க வேண்டும் என்கிறார். கோபமா, வெட்கமா, வருத்தமா? ஒன்றும் பிடிபடவில்லை.

இன்னொரு குழப்பம் உன்னால். நீயே இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறாய். ஒரு மழைக்காலத்தில் சன்னலில் சாய்ந்துகொண்டு, "எனக்க சுவரு துணியில்லாம நிக்குதுட்டி, ஒரு கொடிய ஏத்தி உடுத்தி விடு" என்றாய். சரி என்று நான் ஒரு மணி பிளான்ட் தண்டோடு வந்தபோது, "வேண்டாம் வேண்டாம், அது வளந்து சன்னல அடைச்சிட்டா நான் யாருட்ட கத பேசுகது?" என்று விரட்டினாய். இதில் எது உன் நிஜமான ஆசை? விளையாட்டுக்குச் சொன்னது எது? அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்க நேரம் கிடக்கிறது என்று நினைத்தேன்.

சரி, பார்த்துவிட்டாவது வருவோம் என்று மார்த்தாண்டம் போகிற வழியில் உள்ள நர்சரிக்குப் போனேன். சுவரில் ஏற்ற ஒரு கொடி வேண்டும், பராமரிப்பு கூடாது என்றேன். அந்தப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாரும் அதத்தான் கேக்காவ" என்றான்.

முதலில் காகிதப்பூவைக் காட்டினான். அதற்கு நல்ல வெயில் வேண்டும், சந்திலோ அடியில் நிழல், மேலே உன் பிலாமரம் பாதி வெயிலைத் தின்றுவிடுகிறது. முள் வேறு. ரங்கூன் மல்லியின் வாசனை என்னை அங்கேயே மயக்கிவிட்டது. அதுவும் வெயில் கேட்குமாம், கம்பி கட்டிக் கொடுத்தால்தான் ஏறுமாம். கர்ட்டன் கிரீப்பர் என்று ஒன்று, மேலே நட்டால் பாவாடை மாதிரி கீழே தொங்குகிறது. நல்ல அழகு. ஆனால் அதை உன் மொட்டைமாடியில் அல்லவா நட வேண்டும்? சாவி இல்லாத மாடியில் யார் போய் நடுவது?

கடைசியாக ஒரு சின்ன இலைக் கொடியைக் காட்டினான். சுவரோடு சுவராக ஒட்டிப் படருமாம். "இதுக்குக் கம்பியும் வேண்டாம் கயிறும் வேண்டாம். பூசின சுவருன்னா வேரு கேறி சிமென்ட இளக்கிரும். உங்களுக்குப் பூசாத சுவருல்லா? ஒரு கேடும் இல்ல. வச்சா பெறகு நீங்க திரும்பிப் பாக்காண்டாம்."

சன்னல் இருக்கிறதே என்றேன்.

"சன்னலா? அதுவும் மூடிரும். மூடினா அங்க ஒரு சன்னல் இருந்ததே தெரியாது. நல்ல பச்சையா இருக்கும்" என்றான்.

அவன் நல்ல செய்தியாகத்தான் சொன்னான் அக்கா. இவர் கேட்டது அப்படியே கையில் இருக்கிறது. வாங்கிக்கொண்டு வந்தால் வேலை முடிந்தது. வாங்காமல் பஸ் ஏறினேன். இறங்கியதும் ஏன் வாங்கவில்லை என்று எனக்கே கோபம் வந்தது. தினமும் காலையில் அடுக்களைக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த அடைத்த சன்னல்தான். கண் கலங்கியபடியே அடுப்பைப் பற்றவைக்கிறேன். மூடிவிட்டால் எனக்கும் நிம்மதிதானே? அப்புறம் ஏன் கை வரவில்லை?

பெங்களூரிலிருக்கிற ஷைனியிடம் கேட்டேன். என் மகள்தானே, ஒரு வழி சொல்வாள் என்று பார்த்தால், வீடியோவாக அனுப்பித் தள்ளிவிட்டாள். ஒன்றில் சங்குபுஷ்பம், ஒன்றில் பேஷன் ஃப்ரூட், ஒன்றில் பிளாஸ்டிக் இலை. "அம்மா, பிளாஸ்டிக்னா பராமரிப்பே இல்ல, வருஷத்துக்கு ஒருக்கா ஹோஸ் வச்சு அடிச்சா போதும்" என்கிறாள். உன் சுவருக்குப் பிளாஸ்டிக் சேலை! நீ இருந்திருந்தால் சன்னலில் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

இதற்கெல்லாம் பிறகுதான், சுவர் எங்களுடையது இல்லை என்பது எனக்கு உறைத்தது. மண் எங்களுடையது, சுவர் அத்தானுடையது. கேட்காமல் ஏற்றினால் அடுத்த சண்டைக்கு நாமே விதை போட்டது போலாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் துணிந்து வாட்ஸாப்பில் அத்தானைக் கூப்பிட்டேன். சுகம் விசாரித்தேன். அப்புறம், "அத்தான், உங்க சுவருல ஒரு கொடி ஏத்தட்டா?" என்றேன்.

"எந்தச் சுவரு?"

"பூசாத சுவரு."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அவன் சொன்னானா?"

"அவருதான் சொன்னாரு அத்தான்."

"அவனுட்ட ஃபோனக் குடு."

இவர் முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். ஃபோனை அவர் காதில் வைத்தேன். அந்தப் பக்கத்தில் அத்தான் என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் ம் ம் என்று கொட்டிக்கொண்டிருந்தார். முகத்தை என்னிடமிருந்து திருப்பிக்கொண்டார். கடைசியில் "செரி அண்ணே" என்றார். அண்ணே என்ற சொல்லை அவர் வாயில் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. ஷைனிக்கு அந்தச் சொல்லே புதிதாக இருந்திருக்கும்.

நான் விடுவேனா? என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று பின்னாலேயே போனேன். "அவனுக்க பிலாவுல நல்லமிளகு கேறி நிக்காம். மைனி வச்சதாம். அதுல தண்டு வெட்டி நட்டுக்கச் சொன்னான். பூசாத சுவருல நல்லா பிடிக்குமாம், நெழலும் தாங்குமாம்" என்றார். சன்னலைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன். இவர் மறுபடியும் தேங்காயைக் கையில் எடுத்தார்.

"அது நமக்க விஷயம் இல்லலே, அவளுவ ரெண்டு பேருக்க சன்னலு, விமலாட்ட கேளுன்னு சொல்லிட்டான்."

பார்த்தாயா அக்கா? உன் வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கம்பில் இறங்கிய தூக்குவாளி, நம்ம கதை, சிரிப்பு, எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார். கடைசியில் முடிவைக் கொண்டு வந்து என் தலையில் வைத்துவிட்டார். நானோ ஒரு கொடிகூடத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் முழித்துக்கொண்டு இருக்கிறேன்.

டீச்சரிடம் போய்ச் சாவி வாங்கியது இவர்தான். உங்கள் கேட்டைத் திறந்து, பின்பக்கம் சுற்றிப் பிலாமரத்தடிக்குப் போய், அடியில் ஓடிய தண்டுகளாகப் பார்த்து வெட்டிக்கொண்டு வந்தார். சுவரை ஒட்டித் தண்ணீர் நிற்காதபடி மண்ணை மேடாக்கி நட்டோம். வேர் விட்டுச் சுவரைப் பிடிக்கும் வரை தாங்கக் கயிறு கட்ட வேண்டும் என்று இவர் ஏணியைக் கொண்டு வந்து சந்தில் ஊன்றினார். சாரத்தின் கால் ஊனப்பிடாது என்று சொன்ன அதே இடம். எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டேன், நீ என்னைப் பாராட்ட வேண்டும்.

பாதிச் சுவர் வரை ஆணியடித்துக் கயிறு கட்டினார். சன்னலுக்குக் கீழே வந்ததும் நிறுத்தினார்.

"எப்பிடி? சன்னலுக்கு மேலயும் இழுக்கட்டா?"

எனக்குத் தெரியவில்லை அக்கா. மூடு என்று சொல்ல வாய் திறந்தேன், வரவில்லை. மூடாதே என்று சொல்லவும் வரவில்லை. திறக்க ஆளில்லாத சன்னலைச் சும்மா விட்டு வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? இவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு எங்கேயோ போனார். இவளுக்கு இதே வேலை என்று கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். நான் குனிந்து, சாய்ந்திருந்த ஒரு தண்டைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

தலைக்கு மேலே கொண்டி இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு மரக்கதவு கிறீச்சிடுகிற சத்தம். தூசியும் ஒட்டடையும் என் தலையில் கொட்டின.

"ஏட்டி விமலா, மழ வருது, துணிய எடு!"

ஓடினேன் அக்கா. கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டு, எப்போதும் ஓடுகிற மாதிரி ஓடினேன். பாதித் துணியை எடுத்துத் தோளில் போட்ட பிறகுதான், கூப்பிட்டது ஆண் குரல் என்பது மூளைக்குப் போயிற்று. திரும்பிப் பார்த்தேன். உன் சன்னல் திறந்திருக்கிறது. நீ நிற்கிற இடத்தில், சன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இவர் மேற்கே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சாவுக்குக்கூட அந்த வீட்டு நடை ஏறாத ஆள், உன் அடுக்களைக்குள் நிற்கிறார்.

துணியை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதேன். இவரும் அழுதிருப்பார். மழை வந்துவிட்டதால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அந்த வார்த்தையை அவர் உன்னைப் போலவே சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னாரா, வானத்தைப் பார்த்ததும் தானாக வந்துவிட்டதா? இன்றுவரை நான் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக நீ கத்தியதை உள்ளே இருந்து அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், அது மட்டும் தெரிகிறது. சாயங்காலம் வந்து உட்கார்ந்தவர், "அங்கேருந்து பாத்தா மழ எம்புட்டு தூரத்துலேயே தெரியுது" என்றார். அன்றைக்குச் சோறு இறங்கியது.

கயிற்றைச் சன்னலின் இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கட்டிவிட்டோம். உன் சன்னல் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது இல்லையா, கொடி நுனி ஓரத்தில் வந்து மாட்டினால் பிறகு திறக்க முடியாது. அதனால் மழைக்காலத்தில் மாதா மாதம் யாராவது உள்ளே போய்ச் சன்னலைத் திறக்க வேண்டும், நான் கீழே ஏணியில் நின்று சுற்றிலும் வெட்டி விட வேண்டும். பராமரிப்பே இருக்கக்கூடாது என்று சொன்ன மனுஷனிடம் இதைச் சொன்னேன். "செரி, அதுக்கென்ன, நான் போய்த் தொறக்கேன்" என்றார். சாவியை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தாரா என்று கேட்டதற்கு மட்டும் காது கேட்காதவர் போல இருந்துவிட்டார்.

செய்தது சரிதானா என்று இப்போதும் எனக்குக் குழப்பம்தான். உன் சுவரை உடுத்தியும் விட்டேன், உன் சன்னலை அடைக்கவும் இல்லை. நீ சொன்ன இரண்டையும் கேட்டிருக்கிறேன், எது நிஜமோ அதை நீயே வைத்துக்கொள். நட்ட தண்டில் ஒரு தளிர் வந்திருக்கிறது. இன்னும் கயிற்றைத்தான் பிடித்திருக்கிறது, செங்கலைப் பிடிக்கவில்லை. அத்தானுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். கிறிஸ்மஸுக்கு வருகிறாராம்.

முதல் பச்சை மிளகுச் சரம் எப்போது காய்க்குமோ தெரியாது, ஆனால் காய்த்ததும் சாளைக் கறியில் அரைத்துப் போட்டு, தூக்குவாளியைக் கம்பின் நுனியில் மாட்டி, இந்த முறை கீழேயிருந்து உன் சன்னலுக்கு ஏற்றுவேன். உள்ளே நின்று வாங்க அண்ணனோ தம்பியோ இருப்பார்கள். அதுவரை அந்தச் சன்னலை எந்த இலையும் மூட நான் விடமாட்டேன். இது என் வாக்கு.

துணியெல்லாம் காய்ந்துவிட்டது அக்கா.

இப்படிக்கு,
"ஏட்டி" என்று யார் கூப்பிட்டாலும் உன் சன்னலைத்தான் முதலில் பார்க்கும்
உன் ஓரகத்தி விமலா